கல்லும் சொல்லும்

செஞ்சிப் பகுதியிலுள்ள பனமலையில் பல்லவன் இராசசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலில் அவனது வடமொழிக் கல்வெட்டு உள்ளது. எழுத்து இருப்பதால் அக்கல்லின் மொழி பற்றி நமக்கு ஐயமில்லை. அதே விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறைகளிலுள்ள செங்காவி ஓவியங்களின் நிலை வேறு. அவற்றுள் சில உருக்களைச் சிந்துவெளிக் குறியீடுகளுடன் ஒப்பிட்டோர் உண்டு. ஆயினும், வரைந்தவர்கள் பேசிய மொழியை அப்பாறைகள் சொல்வதில்லை. எழுத்தில்லாக் காலத்துக் கல்லை இன்று வழங்கும் சொல்லோடு இணைக்க இயலுமா? இரண்டையும் திரட்டிய ஓர் அறிஞரின் பணி இங்கே நமக்குத் துணைபுரிகிறது.

நார்வே நாட்டில் 1865இல் பிறந்த பால் ஒலாஃப் போடிங், கிறித்தவ ஊழியராக 1890இல் சந்தால் பர்கனாவுக்கு வந்தார். இன்று அப்பகுதி ஜார்கண்ட் மாநிலத்தில் உள்ளது. அவருக்கு முன் அங்கு பணியாற்றிய ஸ்க்ரெஃப்ஸ்ரூடின் சொல் திரட்டையும் பயன்படுத்தி, அவர் தொகுத்த சந்தாலி அகராதி 1929 முதல் 1936 வரை ஐந்து தொகுதிகளாக ஓஸ்லோவில் வெளிவந்தது. சந்தால் இனத்தவரான சாக்ராம் முர்மு, மக்கள் வாய்மொழியாகச் சொன்ன கதைகளை எழுதி அவருக்கு உதவினார்.

போடிங் பழங்காலக் கற்கருவிகளையும் சேகரித்து, அவை பற்றி 1900களின் தொடக்கத்தில் வங்காள ஆசியக் கழக இதழில் எழுதினார். சந்தால் மக்களோ அக்கற்களை இடியோடு விழுந்தவை என நம்பினர். இத்தகைய நம்பிக்கை ஐரோப்பாவிலும் நிலவியது. மின்னலின்போது அம்புமுனை வடிவ உலோகப் பொருள்கள் விழுவதாக இப்னு சீனாவும் எழுதியுள்ளார். கருவியைச் செய்த மனிதனின் நினைவு முற்றிலும் அற்றுப்போயிருந்தது என்பதையே இந்நம்பிக்கை காட்டுகிறது.

சந்தாலி, கெமர், வியட்நாமிய மொழிகளை உள்ளடக்கிய ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. தோள்பட்டை போன்ற வடிவமுடைய கற்கோடரிகள் இந்தியாவின் கிழக்கிலும் தென்கிழக்காசியாவிலும் கிடைப்பதைக் கண்ட ஹைன் கெல்டர்ன், 1930களில் அவற்றை அம்மொழியினருடன் இணைத்தார். ஆனால் கருவியின் வடிவத்தை அண்டை இனத்தார் பார்த்துக் கற்கவும் கூடும். பண்டமாற்றில் கருவியே ஊர் கடக்கவும் கூடும். ஆகவே ஒரு கோடரி தனித்து நின்று ஒரு மொழிக்குச் சான்றாகிவிடாது.

மண்ணுக்குள் கிடக்கும் கல் நமக்காக இன்னும் ஆயிரமாண்டு காத்திருக்கும்; பேசுவோர் மறைந்தால் சொல்லும் உடன் மறையும். சந்தாலி 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. அந்த ஏற்பைப் பெறாத சிறு மொழிகள் நம் நாட்டில் எத்தனையோ உள்ளன. அவற்றின் சொற்களைத் திரட்டுவதே முதலில் செய்யவேண்டிய பணி எனக் கருதுகிறோம்.