பாயிண்ட் கணக்கும் மின்சாரச் சிக்கனமும்

மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்ற உபதேசம் நம் காதில் விழாத நாளில்லை. விளக்கை அணையுங்கள், விசிறியை நிறுத்துங்கள் என்று அது எப்போதும் வீட்டில் குடியிருப்பவரை நோக்கியே சொல்லப்படுகிறது. ஆனால், அந்த வீடு எவ்வளவு மின்சாரத்தை விரயம் செய்யும் என்பதில் ஒரு கணிசமான பகுதியை, கிருகப்பிரவேசத்துக்குப் பல மாதங்கள் முன்னதாகவே, கான்கிரீட் போடுவதற்காகக் கட்டி வைத்த கம்பிகளின்மேல் குந்தி உட்கார்ந்து பைப்பும் ஃபேன் பாக்ஸும் பொருத்திக்கொண்டிருந்த வயர்மேன் நிர்ணயம் செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கான்கிரீட் இறுகி, சுவரில் வெட்டிய காடிகள் பூச்சுக்குள் மறைந்து, வெள்ளையும் அடித்த பிறகு அவர் செய்ததை மாற்ற வேண்டுமானால் சுவரை உடைத்தாக வேண்டும். அப்படி உடைக்க மனம் துணிகிற வீட்டுக்காரரை நான் கண்டதில்லை.

பைக்காராவில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய 1932-ஆம் ஆண்டிலும், 1957-இல் மின்சார வாரியம் ஏற்பட்டுக் கிராமங்களுக்குக் கம்பி இழுக்கப்பட்ட காலத்திலும், சாதாரணக் குடும்பத்துக்கு மின்சாரம் என்றால் அறைக்கு ஒரு குண்டு பல்பு, வசதியிருந்தால் கூடத்தில் ஒரு விசிறி, ஒரு ரேடியோ, அவ்வளவுதான். சுவரின்மேல் மரப்பட்டி அடித்து, அதன்மேல் வயரைக் கிளிப்பால் பிடித்து ஓட்டிய அந்த வேலையில் ஒளிவுமறைவுக்கு இடமில்லை. கம்பி எங்கே போகிறது, எங்கே இணைகிறது என்பது பிரத்தியட்சமாகத் தெரிந்தது. இன்று ஏ.சி., கெய்சர், வாஷிங் மெஷின், இண்டக்ஷன் அடுப்பு என்று வீட்டின் சுமை பன்மடங்காகப் பெருகியிருக்கும்போது, கம்பியோ கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது.

கம்பியின் பருமன் ஏன் முக்கியம் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். எந்தக் கம்பியும் தன்னுள் ஓடும் மின்சாரத்தில் ஒரு பங்கை உஷ்ணமாக மாற்றி வீணாக்குகிறது. அந்த நஷ்டம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், ஓட்டம் இரண்டு மடங்கானால் நஷ்டம் நான்கு மடங்காகிவிடும். மின்சாரத்தை அறைகளுக்குப் பிரித்து அனுப்பும் டி.பி. பெட்டியிலிருந்து மாடிப் படுக்கையறை வரை 20 மீட்டர் தூரம், போகவும் வரவும் 40 மீட்டர் கம்பி என்றும், அங்கே 10 ஆம்பியர் இழுக்கும் ஓர் உபகரணம் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒன்றரை எம்.எம். தாமிரக் கம்பி போட்டிருந்தால் சுமார் 53 வாட், இரண்டரை எம்.எம். போட்டிருந்தால் சுமார் 32 வாட், நாலு எம்.எம். போட்டிருந்தால் சுமார் 20 வாட் சுவருக்குள்ளேயே சூடாகிக் கழிந்துபோகும். மிக மெல்லியதற்கும் பருமனானதற்கும் உள்ள வித்தியாசம் 33 வாட். சிக்கனமான புதுமாதிரி விசிறி ஒன்று முழு வேகத்தில் சுழல அதுவே போதும். விசிறியானால் காற்றாவது வரும். இதிலோ கம்பியின் மேலுறை காய்ந்து அதன் ஆயுள் குறைவதைத் தவிர வேறு பிரயோஜனம் கிடையாது.

இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் மெல்லிய கம்பி ஏன் சுவருக்குள் போகிறது? வயர்மேனுக்கு விஷயம் தெரியாது என்று சொல்வது அநியாயம். “ஏழு இருபது”, “மூணு இருபது” என்று பழைய கேஜ் கணக்கில் கம்பியைச் சொல்லிப் பழகிய முதியவர்களுக்கு, எந்தச் சுமைக்கு எந்தக் கம்பி தாங்கும் என்பது விரல் நுனியில் இருந்தது. உரிமம் பெற்ற இன்றைய இளைஞருக்கும் அது தெரியும். கோளாறு நாம் கூலி பேசும் விதத்தில் இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம். “தம்பி, பாயிண்டுக்கு எவ்வளவு?” என்பதுதான் வீட்டுக்காரரின் முதற்கேள்வி. ஒரு விளக்குக்கு, ஒரு விசிறிக்கு, ஒரு பிளக்குக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிட்டால், அந்த பாயிண்டை எவ்வளவு யோசித்து அமைத்தாலும் கூலி அதேதான், யோசிக்காமல் அமைத்தாலும் அதேதான். ஏ.சி.க்கு டி.பி.யிலிருந்து தனி லைன் இழுப்பதும், குறுக்குவழியாகப் பக்கத்து போர்டிலிருந்து லூப் எடுப்பதும் ஒரே பாயிண்ட்! நாலு எம்.எம். வாங்கி வரச் சொன்னால் “எதற்கு இவ்வளவு செலவு?” என்று முகம் சுளிக்கும் உரிமையாளரிடம் வாதாடிக்கொண்டிராமல், “எல்லா வீட்டுக்கும் இதான் போடுறோம் சார், போதும்” என்று சொல்லிவிடுவது அவருக்குச் சௌகரியம். அந்தச் சௌகரியத்தின் விலையை இருபது முப்பது வருஷங்களுக்கு மீட்டரில் கட்டுகிறவர் உரிமையாளர்தான்.

கம்பியைவிட இணைப்பு இன்னும் பொல்லாதது. கெய்சர் மாட்டியிருக்கும் 16 ஆம்பியர் பிளக் பாயிண்டை, மெயினை அணைத்துவிட்டுத் தகுந்தவரைக் கொண்டு ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் ஒரு துளையைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி, விளிம்பு இளகி நெளிந்திருக்கும். பின்புறத் திருகு விரலால் தொட்டாலே சுற்றும். அதற்குள் நுழைந்த தாமிர இழைகள் தம் செந்நிறம் போய்க் கருத்திருக்கும். சில இழைகள் உள்ளே நுழையாமலே வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும். தளர்ந்த இடத்தில் தடை கூடுகிறது, தடையால் சூடு, சூட்டால் உலோகத்தின்மேல் கறை, கறையால் மேலும் தடை. இழைகளை முறுக்கி, லக் வைத்து நசுக்கி, திருகை இறுக்கி முடிக்க வேண்டிய சில நிமிஷ வேலை அங்கே விட்டுப்போயிருக்கிறது. அதே அலட்சியம் பைப்புக்கு நடுவில் டேப் சுற்றிய ஜாயிண்டாக ஒளிந்திருந்தால், விரயம் என்ற எல்லையைத் தாண்டித் தீ விபத்து வரையில் போய்விடும்.

விசிறி, விளக்கு விஷயத்தில் நாடு நல்ல தூரம் முன்னேறியிருக்கிறது என்பதைச் சந்தோஷத்துடன் சொல்ல வேண்டும். 2001-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. 2006-இல் உபகரணங்களுக்கு நட்சத்திரக் குறியீடு தொடங்கியது. 2015-இல் ஆரம்பித்த உஜாலா திட்டத்தின் வழியே 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 2023 ஜனவரி முதல் கூரை விசிறிக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயம். பழைய மாதிரி விசிறி சுமார் 75 வாட் எடுக்குமிடத்தில் பி.எல்.டி.சி. என்னும் புதுமாதிரி மோட்டார் கொண்ட விசிறி சுமார் 30 வாட்டில் சுழல்கிறது. தினம் 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கே 32 யூனிட் மிச்சம். முதல் 100 யூனிட் இலவசமாகக் கிடைத்து, 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வீதமே மாறிவிடுகிற தமிழ்நாட்டில், மூன்று விசிறிகள் ஒரு குடும்பத்தின் பில்லை எல்லைக்கு இந்தப் பக்கம் நிறுத்தக்கூடும். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம் அளவில் கரியமில வாயு வெளியேறுவதால், அந்த மிச்சம் குடும்பத்தோடு நிற்பதும் இல்லை. ஆயினும் இந்த விசிறியைச் சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டர் வழியாகக் கொடுத்தால் உள்ளிருக்கும் மின்னணுச் சுற்று பழுதாகிவிடலாம். ரெகுலேட்டரை விலக்கி நேர் இணைப்புக் கொடுக்க வேண்டும் என்று அறிந்த கை இங்கும் தேவைப்படுகிறது.

மூன்று பேஸ் உள்ள வீட்டில் சுமையைச் சமமாகப் பங்கிடுவதும் அப்படிப்பட்ட காரியமே. எல்லா ஏ.சி.யையும் ஒரே பேஸில் மாட்டிவிட்டால், ஒன்றோடொன்று சரிக்கட்டப்பட வேண்டிய ஓட்டமெல்லாம் நியூட்ரல் வழியாகத் திரும்பி, சர்வீஸ் வயர் முழுவதையும் சூடாக்கும்.

இனி வரப்போகும் தேவைக்கு இடம் விடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2024-இல் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைப்பதால் மொட்டைமாடியில் சூரிய மின்பலகை வைக்கப் பலர் முன்வருகிறார்கள். ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் நம் வெயிலில் சாத்தியம். வீடு கட்டும்போதே மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை ஒரு காலிப் பைப்பைப் பதித்து வைப்பதற்கு அற்பச் செலவுதான் ஆகும். அதைச் செய்யாத வீடுகளில் பிற்பாடு சுவருக்கு வெளியே வெயிலில் கேபிள் தொங்குகிறது. தண்ணீர்த் தொட்டியை எந்த மூலையில் வைப்பது என்று கொத்தனார் கேட்கும்போதே வயர்மேனையும் அழைத்துக் கேட்க வேண்டும். வரிசையாக இணைத்த பலகைகளில் ஒன்றின்மேல் தொட்டியின் நிழல் விழுந்தால்கூட அந்த வரிசை முழுவதன் உற்பத்தியும் குன்றிவிடும்.

ஆகவே வீடு கட்டுகிறவர்கள் பாயிண்ட் கூலியை விட்டொழிக்க முடியாவிட்டாலும், அதற்கு மேல் இரண்டு வேலைகளுக்குத் தனியாகத் தொகை பேசலாம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். முதலாவது, தளம் போடுமுன் சுமைப் பட்டியல் எழுதி, கம்பிப் பருமனையும் லைன்களையும் குறித்து வரைபடம் தருவது. அந்த வரைபடத்தின் நகல் டி.பி. பெட்டியின் கதவுக்குள் ஒட்டப்பட வேண்டும். இரண்டாவது, வேலை முடிந்த பின் மெகர் என்னும் சோதனைக் கருவி வைத்துக் கசிவைச் சோதித்து, ஓராண்டு கழித்து வந்து ஒவ்வொரு திருகையும் மறுபடி இறுக்கிக் கொடுப்பது.

பழைய வீட்டை ரீவயரிங் செய்யுமிடங்களில் மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். கழற்றிய வயர்களை மூலையில் குவித்துத் தீ வைத்து, தாமிரத்தை மட்டும் பொறுக்கி எடுக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. பி.வி.சி. எரிந்தெழும் கரும்புகையில் ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சின் போன்ற கொடிய நஞ்சுகளும் இருக்கின்றன. அதைச் சுவாசிப்பவர்களில் முதல்வர் பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுள்ள உதவியாளர். உடைத்தெறியும் பழைய டியூப்லைட்டுகளிலோ பாதரசம் இருக்கிறது. அவற்றை உடையாமல் கட்டி மின்கழிவு சேகரிப்போரிடம் கொடுக்க வேண்டும். வயரை எரிக்காமல் கத்தியால் மேலுறையைச் சீவி எடுத்தால், எரித்துக் கருத்த தாமிரத்தைவிடப் பழைய சாமான் கடையில் விலையும் கூடுதலாகவே கிடைக்கும். சீவுவதற்கு ஆகும் அரை நாளின் கூலியை எஸ்டிமேட்டிலேயே ஒரு வரியாக எழுதிவிடலாம்.