கழற்றி மாட்டும் இருக்கை

தெருவோரத்திலும் பூங்காவிலும் பொதுமக்களுக்கென நிறுவப்படும் இருக்கை, குப்பைத்தொட்டி, விளக்குத்தூண் முதலியவை தெருத் தளவாடங்கள் எனப்படும். வீட்டு நாற்காலிக்கு வாய்த்த கூரை இவற்றுக்கு இல்லை. வெயிலிலும் மழையிலும் கிடந்து தேய்வதால், ஓர் இருக்கை எந்தப் பொருளால் ஆனது என்பதைவிட, அதில் பழுதான பகுதியை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா என்பதே அதன் சூழலியல் தகுதியைப் பெரிதும் முடிவு செய்கிறது.

19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரம் இடித்துப் புதுப்பிக்கப்பட்டபோது கட்டடக் கலைஞர் காப்ரியேல் தாவியூ வடிவமைத்த இருபுற இருக்கை இதற்கு நல்ல சான்று. வார்ப்பிரும்புக் கால்கள்மீது மரப்பலகைகள் போல்ட்டால் முடுக்கப்பட்டுள்ளமையால், பலகை உளுத்தால் அதை மட்டும் மாற்றிவிட்டுக் கால்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம். கால் உடைந்தாலும் அந்த இரும்பை மீண்டும் உருக்கி வார்க்கலாம்.

இன்று மரத்துக்கு மாற்றாகப் பரவிவருவது பிளாஸ்டிக் பலகை. பால் கேன், ஷாம்பு புட்டி போன்றவற்றில் பயன்படும் உயர் அடர்த்திப் பாலிஎத்திலீனைத் தரம் பிரித்து, செதில்களாக அரைத்து, கழுவி, உருக்கி, நீண்ட அச்சுகளில் செலுத்தி இதைச் செய்கின்றனர். இது கரையானுக்கு இரையாகாது, வண்ணப்பூச்சும் வேண்டாம், வெயிலின் புற ஊதாக் கதிர் தாக்காதிருக்கக் கரித்தூள் கலப்பதால் பல பலகைகள் கறுப்பாகவே இருக்கும். ஆனால் இதை மரமென்று எண்ணி வேலை செய்யும் தச்சர் ஏமாந்துபோவார். வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் 2 மீட்டர் நீளப் பலகை ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீண்டுவிடும் என்பதால், நடுப் போல்ட்டுக்கு மட்டும் வட்டத் துளையிட்டு, இருமுனைகளிலும் பலகை நகர இடம்விட்டு நீள்துளை இட வேண்டும். இல்லையேல் ஒரே கோடையில் பலகை நெளிந்துவிடும்.

இதன் விறைப்பும் குறைவு. ஓக் மரத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். உட்காருவோரின் எடையில் பலகை மெல்ல மெல்லத் தொய்ந்து, எழுந்த பின்னும் முழுமையாக நிமிராமல் போவதை ஊர்வு என்பர். இதைத் தடுக்கக் கண்ணாடி இழை கலப்பதுண்டு; எனினும் இழை கலந்த பிளாஸ்டிக்கை மீண்டும் தூய பிளாஸ்டிக்காகப் பிரித்தெடுப்பது கடினமாதலால், மறுசுழற்சியில் பிறந்த பலகைக்கு மறுசுழற்சியே எட்டாக்கனி ஆகிவிடுகிறது. அதற்குப் பதிலாக நடுவில் மூன்றாவது கால் ஒன்றை, அதுவும் பழைய இரும்பை உருக்கி வார்த்ததாக, நிறுத்திவிடுவதே மேல்.