நம் சந்திரன் எத்தனையாவது?



நோன்புப் பிறை, பெருநாள் பிறை என்று மேற்கு வானத்தை அண்ணாந்து பார்க்காத வீடு நம்மிடையே இல்லை. ஆனால், "உம்மா, சந்திரன் எவ்வளவு பெரிசு?" என்று பிள்ளை கேட்டால் நம்மில் எத்தனை பேர் உடனே பதில் சொல்வோம்? தையல் மெஷின் லாச்சியில் கிடக்கும் அளவு நாடாவே இதற்குப் போதும்.

ஆயிரம் கிலோமீற்றரை ஒரு சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் குறுக்களவு 12,742 கிலோமீற்றர். நாடாவில் அது பதின்மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. உரித்த தேங்காய் ஒன்று. சந்திரனின் குறுக்களவு 3,475 கிலோமீற்றர். சிறிய தேசிக்காய் ஒன்று. இரண்டையும் ஒட்டி வைத்துவிடாதீர்கள். தேங்காயிலிருந்து ஏறத்தாழ நான்கு மீற்றர் தள்ளித்தான் தேசிக்காயை வைக்க வேண்டும்.

மற்றக் கிரகங்களுக்கும் சந்திரன்கள் உண்டு. சனிக்கு மாத்திரம் 200க்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. எல்லாவற்றிலும் பெரியது வியாழனின் கனிமீட். குறுக்களவு 5,268 கிலோமீற்றர். அடுத்தது சனியின் டைட்டன், 5,150. மூன்றாவதும் நான்காவதும் வியாழனின் கலிஸ்டோ (4,821), அயோ (3,643). நம் சந்திரன் ஐந்தாவது. செவ்வாயின் இரண்டு சந்திரன்களில் பெரியதான போபோஸ் சுமார் 22 கிலோமீற்றர்தான். நம் நாடாவில் ஒரு மணல் பொடி!

டைட்டனே பெரியது என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அதைப் போர்த்தியிருக்கும் தடித்த வளிமண்டலத்தால் வந்த மயக்கம் அது. 1980இல் வோயேஜர் 1 விண்கலம் அருகே சென்றபோதுதான் உண்மை தெளிவாயிற்று.

கனிமீட், புதன் கிரகத்தையும் (4,879) விடப் பெரியது. ஆனால் பருமன் வேறு, நிறை வேறு. கனிமீட்டில் ஏறத்தாழப் பாதி பனிக்கட்டி. புதனோ இரும்பும் பாறையும். அதனால் கனிமீட்டின் நிறை புதனின் நிறையில் பாதிகூட இல்லை.

இனி, ஒவ்வொரு சந்திரனையும் அதன் கிரகத்தோடு வைத்துப் பாருங்கள். வியாழனுக்கு நாடாவில் 140 சென்ரிமீற்றர் வேண்டும். இருபத்தாறு கனிமீட்டுகளை வரிசையாக வைத்தாலும் அந்த அகலம் நிரம்பாது. நம் சந்திரனோ பூமியின் அகலத்தில் கால் பங்கைத் தாண்டுகிறது. எட்டுக் கிரகங்களில் தன் அளவுக்கு இவ்வளவு பெரிய சந்திரனை உடையது பூமி ஒன்றே. புளூட்டோவின் சாரொன் அதில் பாதியளவு இருந்தாலும், 2006 முதல் புளூட்டோ கிரகங்களின் வரிசையில் இல்லை.

இந்தப் பருமனால் நமக்கு என்ன நன்மை? பூமி ஏறத்தாழ 23.5 பாகை சாய்ந்தபடி சுழல்கிறது. அந்தச் சாய்வு அதிகம் தடுமாறாமல் பிடித்து வைப்பதில் சந்திரனின் ஈர்ப்புக்குப் பெரும் பங்குண்டு. பருவங்கள் நிலைகுலையாமல் வருவது அதனாலேயே. கடலின் வற்றுப்பெருக்குக்கும் முக்கிய காரணம் அதுவே.

சூரியன் சந்திரனை விடச் சுமார் 400 மடங்கு பெரியது. சுமார் 400 மடங்கு தூரத்திலும் இருக்கிறது. ஆகவே வானத்தில் இரண்டும் ஒரே அளவாய்த் தெரிகின்றன. 1955 ஜூன் 20ஆம் திகதி இலங்கையில் பட்டப்பகல் இருண்டு முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது இப்பொருத்தத்தால்தான். சந்திரன் இன்னும் கொஞ்சம் சிறிதாய் இருந்திருந்தால் சூரியன் முழுதாய் மறைந்திராது.

ஐந்தாவது என்பதற்காக நம் சந்திரனைக் குறைவாய் எண்ண வேண்டாம், சகோதரிகளே. தேங்காய்க்கு எதிரே வைத்துப் பார்த்தால்தான் தேசிக்காயின் பெருமை விளங்கும்.