ஃபிராக்டைல் வரைபடப் பகுப்பாய்வு

ஃபிராக்டைல் வரைபடப் பகுப்பாய்வு என்பது இரு மக்கள்தொகைகளின் தரவுப் பரவல்களை வரைபடங்கள் மூலம் ஒப்பிட்டு, அவற்றிடையே காணப்படும் வேறுபாடு மெய்யானதா, மாதிரிப் பிழையால் தோன்றியதா எனச் சோதிக்கும் புள்ளியியல் முறையாகும். 1931 இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பி. சி. மகலனோபிசு (1893–1972) இதனை உருவாக்கினார். இதுபற்றிய அவரது கட்டுரை 1960 இல் எக்கோனோமெட்ரிக்கா இதழில் வெளியானது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் குடும்பச் செலவுத் தரவுகளை ஆராய இம்முறை பயன்படுத்தப்பட்டது.

தேவை

விலைவாசி மாறும்போது, ரூபாய் மதிப்பில் அமைந்த செலவு வகுப்புகளை இருவேறு ஆண்டுகளுக்கிடையே நேரடியாக ஒப்பிட இயலாது. சராசரியும் போதாது, வேறுபாடு ஏழைக் குடும்பங்களிடம் உள்ளதா, வசதியுள்ள குடும்பங்களிடம் உள்ளதா என்பதை அது காட்டாது. எனவே இம்முறையில் தொகைக்குப் பதிலாகக் குடும்பங்களின் வரிசை நிலை பயன்படுத்தப்படுகிறது.

செய்முறை

பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து அரியலூர் மாவட்டம் 2007 இல் மீண்டும் பிரிக்கப்பட்டது. இவ்விரு மாவட்டங்களின் ஊரகக் குடும்பங்கள் தம் செலவில் உணவுக்கு ஒதுக்கும் விகிதத்தில் வேறுபாடு இல்லை என்ற கருதுகோளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

1. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒன்றையொன்று சாராத இரு மாதிரிகள் வெவ்வேறு களப்பணியாளர்களால் திரட்டப்படும்.
2. ஒவ்வொரு மாதிரியிலும் குடும்பங்கள் தலைக்குரிய செலவின்படி ஏறுவரிசையில் அடுக்கப்பட்டு, 10 சம தொகுதிகளாகப் பிரிக்கப்படும்.
3. ஒவ்வொரு தொகுதியின் சராசரி உணவு விகிதமும் புள்ளியாகக் குறிக்கப்பட்டு, புள்ளிகள் நேர்கோடுகளால் இணைக்கப்படும்.
4. ஒரே மாவட்டத்தின் இரு வரைகோடுகளுக்கு இடைப்பட்ட பரப்பு பிழைப் பரப்பு எனப்படும்.
5. இரு மாதிரிகளையும் சேர்த்து மாவட்டத்துக்கு ஒரு வரைகோடு வரையப்படும். இரு மாவட்டங்களின் இத்தகைய கோடுகளுக்கு இடைப்பட்ட பரப்பு பிரிவுப் பரப்பு ஆகும்.

பிரிவுப் பரப்பு, பிழைப் பரப்புகளைவிட மிகப் பெரிதாயின் கருதுகோள் மறுக்கப்படும். இரண்டும் ஏறத்தாழ ஒத்த அளவினவாயின், கண்ணுக்குத் தெரியும் இடைவெளியை மெய்யான வேறுபாடு எனக் கொள்ள இயலாது. மிக வறிய இரு தொகுதிகளுக்கு மட்டும் இச்சோதனையைத் தனியே செய்யவும் முடியும்.

சிறப்பும் வரம்பும்

களப்பணியாளர்கள் வேறுபடுவதால், மாதிரிப் பிழையுடன் அவர்களது பதிவுப் பிழைகளும் பிழைப் பரப்பில் வெளிப்படும். ஆயினும் இரு குழுக்களும் ஒரே குறைபாடுள்ள வினாப்பட்டியலைப் பயன்படுத்தினால், அதனால் விளையும் பொதுவான பிழையை வரைபடம் காட்டாது. மாதிரிகள் இரண்டே என்பதால், பிழைப் பரப்பு தற்செயலாகச் சிறிதாக அமைவதும் உண்டு.

இம்முறைக்கான கணித அடிப்படையை ஜெயராம் சேதுராமன் ஒரு கட்டுரையிலும், சென்னையில் பிறந்த கே. ஆர். பார்த்தசாரதியும் பி. கே. பட்டாச்சார்யாவும் மற்றொரு கட்டுரையிலும் ஆராய்ந்தனர். இரண்டும் 1961 இல் சங்க்யா இதழில் வெளிவந்தன.