நகைக்கடன்: கையெழுத்துப் போடுமுன்

எங்கள் வளவனூர்ப் பக்கம் மல்லாட்டை விதைப்பானாலும், கரும்புக்கு உரமானாலும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமானாலும் முதலில் கழற்றப்படுவது கழுத்து நகைதான். நிலத்தை வைத்துக் கடன் வாங்கப் போனால் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று என்று பல நாள் அலைய வேண்டும். நகையென்றால் போன அன்றைக்கே பணம். நகைக்கடன் கவுண்டரில் என்னென்ன நடக்க வேண்டும் என்பதை ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6 அன்று விதியாக வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் வங்கிகளுக்கும் நகைக்கடன் நிதி நிறுவனங்களுக்கும் அது கட்டாயம்.

வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் நகையை மதிப்பிடுவது, ஏலத்தை வெளிப்படையாக நடத்தாதது போன்ற குறைகளை ரிசர்வ் வங்கி 2024 செப்டம்பரிலேயே சுட்டிக்காட்டியிருந்தது. 2025 ஏப்ரலில் வந்த வரைவு விதிகள் சிறு கடன்காரர்களையும் இறுக்கிப் பிடித்தன. தமிழ்நாட்டு விவசாயிகள் எதிர்த்தார்கள். முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். இறுதி விதியில் சிறு கடன்களுக்குத் தளர்வு கிடைத்தது அதன் பிறகுதான்.

இப்போதைய கணக்கு இது. குடும்பச் செலவுக்கான கடன் இரண்டரை லட்சம் ரூபாய் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. ஆனால் வட்டியையும் அசலையும் கடைசியில் மொத்தமாகக் கட்டுகிற கடனில் இந்த வரம்புக்குள் வட்டியும் அடங்க வேண்டும். நகை மதிப்பு 2 லட்சம், வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் கட்ட வேண்டிய மொத்தமே 1,70,000-ஐத் தாண்டக் கூடாது. எனவே கைக்கு வருவது சுமார் 1,56,000 தான். ‘85 சதவீதம் என்றார்களே, குறைத்துவிட்டார்கள்’ என்று சண்டைக்குப் போகுமுன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வகைக் கடனுக்குக் கெடு 12 மாதம். சேர்ந்த வட்டியைக் கட்டினால்தான் மாற்றி வைக்க முடியும்.

கரும்பு போடுகிறவர்களுக்கு இந்தக் கெடு நெருக்கடிதான். பயிர் விளையவே பத்து, பன்னிரண்டு மாதம் ஆகும். கரும்பை ஆலைக்குக் கொடுத்த 14 நாளில் பணம் தரவேண்டும் என்று 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொன்னாலும், பணம் தாமதமாவது புதிதல்ல. வயல் செலவுக்குக் கடன் கேட்கிறவர்கள் விண்ணப்பத்தில் அதையே எழுதச் சொல்லுங்கள். மேலே சொன்ன சதவீதமும் 12 மாதக் கெடுவும் சொந்தச் செலவுக் கடனுக்கானவை. விவசாய, தொழில் கடனுக்கு அவை பொருந்தா.

என்னைக் கேட்டால், இந்த விதிகளில் மிகவும் பயனுள்ளது மதிப்பீட்டுச் சான்றுதான். நகையை உங்கள் கண்ணெதிரே எடை போட வேண்டும். கல்லுக்கும் அரக்குக்கும் எவ்வளவு கழித்தார்கள், மொத்த எடை, நிகர எடை, எத்தனை காரட், என்ன மதிப்பு என்பதையெல்லாம் எழுதி, நகையின் படத்தோடு ஒரு பிரதியை உங்களிடம் தர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு முக்கிய நிபந்தனைகளை, அந்த நிறுவனத்தில் வேலை செய்யாத ஒரு சாட்சியின் முன்னிலையில் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வயதான பெண்கள் பலருக்கு இது பெரிய பாதுகாப்பு.

கடனை அடைத்தபின் நகை அதிகபட்சம் ஏழு வேலை நாளில் கைக்கு வர வேண்டும். கடன் தந்தவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஏலம் போட்டால் அப்போதைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் கேட்பு விலை வைக்க வேண்டும். இரண்டு முறை ஏலம் போகாவிட்டால்தான் அது 85 ஆகலாம். கடன் போக மிஞ்சிய தொகை உங்களுடையது.

தவணை தவறினால் நகை முழுகிவிட்டது என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 176-ஆவது பிரிவுப்படி, முறையான அறிவிப்புத் தராமல் அடகுப் பொருளை விற்க முடியாது. 177-ஆவது பிரிவுப்படி, உண்மையில் விற்கப்படும் வரை பாக்கியையும், தவணை தவறியதால் ஆன செலவையும் கட்டி மீட்டுக்கொள்ளலாம்.

தெருமுனை அடகுக் கடைகள் ரிசர்வ் வங்கி விதிக்குள் வரா; அவற்றுக்கு 1943-ஆம் ஆண்டு அடகுக்கடைக்காரர்கள் சட்டம் இருக்கிறது. உரிமம் உள்ள கடையா என்று பார்த்து, அடகுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் ரிசர்வ் வங்கி விதிக்கு வெளியேதான். அங்கே கூட்டுறவுத் துறையின் விதிகள்.

வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ குறை இருந்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். உதவிக்கு 14448 என்ற எண்ணை அழையுங்கள்.