பழைய பத்மினியில் என்ன இருக்கிறது?

புது கார் பார்க்கப் போனால் பெண்களிடம் கடைக்காரர்கள் சொல்கிற வசனம் ஒன்று உண்டு. "மேடம், இது ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது, கியர் மாத்த வேண்டாம். லேடீஸுக்கு ரொம்ப ஈஸி!" சொல்லிவிட்டு வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார்கள். ஈஸிதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று நிற்கிறது. ஆனால் ஓட்டுவதில் ஒரு ருசி வேண்டுமென்றால் என் கை போவது, மாமனாருடைய பழைய பிரீமியர் பத்மினியின் சாவிக்குத்தான். "அந்த டப்பாவுல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்கிற தோழிகளுக்காக இதை எழுதுகிறேன்.

பத்மினியைப் பார்த்திராத பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. இத்தாலி நாட்டு ஃபியட் 1100 காரைத்தான் பம்பாயில் பிரீமியர் கம்பெனியார் தயாரித்து, 1970-களில் பத்மினி என்று பெயர் வைத்தார்கள். 1,089 சி.சி. எஞ்சின். எங்கள் வண்டியில் கியர் தரையில் இல்லை, ஸ்டியரிங்குக்குக் கீழே இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். 2000-ம் ஆண்டு வாக்கில் தயாரிப்பு நின்றுபோனது. மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக ஓடிக்கொண்டிருந்த பத்மினிகளும் 2023 அக்டோபரோடு விடைபெற்றுவிட்டன.

காலையில் கிளப்புவதிலேயே வேலை ஆரம்பித்துவிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சோக்கை இழுக்க வேண்டும். இழுத்தால் கார்பரேட்டருக்குள் காற்று குறைந்து பெட்ரோல் கூடுதலாகப் போகும், வண்டி பிடித்துக்கொள்ளும். பிறகு சூடேறச் சூடேற சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். அவசரப்பட்டுத் தள்ளினால் இருமிக்கொண்டே நின்றுவிடும். தள்ளாமல் விட்டாலோ கரும்புகை. எப்போது தள்ளுவது என்று எந்த விளக்கும் எரிந்து சொல்லாது, சத்தம்தான் சொல்லும். எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுத்தானே அடுத்ததாக உளுத்தம்பருப்பைப் போடுகிறோம்? யாராவது கடிகாரம் பார்த்தா போடுகிறோம்? அதே காதுதான் இங்கேயும் வேண்டும். புது கார்களில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை உள்ளே இருக்கிற கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுவிடுகிறது. நமக்கு அங்கே வேலையில்லை.

ஸ்டியரிங்கும் அப்படித்தான். பத்மினியில் பவர் ஸ்டியரிங் கிடையாது. சந்துக்குள் நிறுத்தித் திருப்பினால் தோள்பட்டை இற்றுப் போகும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வண்டி நகர ஆரம்பித்துவிட்டால் கை லேசாகிவிடும். ரோட்டில் மணல் கிடந்தால், ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால், உடனே உள்ளங்கைக்குச் சேதி வரும். இப்போது வருகிற கார்களில் மோட்டார் நமக்காகத் திருப்பிக் கொடுக்கிறது. சுண்டுவிரலால் திருப்பலாம், ஆனால் அந்தச் சேதி பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போதுதான் உண்மையான பாடம். வண்டி ஓட்டத் தெரிந்த பிறகும், மலை ஏற்ற எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் மாமாதான். பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மிணி, திணறுது பாரு. அது நின்னு கேக்கற வரைக்கும் வெக்காதே, வளைவுக்கு முன்னாடியே ரெண்டுல போட்டுரு" என்பார். இறங்கும்போதும் அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது அவர் சட்டம். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் காய்ந்து போகாது. இப்படி ஒவ்வொரு வளைவுக்கும் முன்கூட்டியே யோசித்து வைத்தால்தான் வண்டி நம் பேச்சைக் கேட்கும். மேலே போய் இறங்கும்போது நாம்தான் ஏற்றிக்கொண்டு வந்தோம் என்று இருக்கும்! வெயில் காலத்தில் பெட்ரோல் பம்ப் சூடாகி, பெட்ரோல் ஆவியாகிப் பாதி வழியில் நிற்பதும் உண்டு. அதற்காக ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய துணியும் எப்போதும் டிக்கியில் இருக்கும். நனைத்துப் பம்ப் மேல் போட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று, வேகம். பத்மினியில் 60 கிலோமீட்டரில் போனாலே காற்று, சத்தம், அதிர்வு எல்லாம் சேர்ந்து, போகிறோம் என்பது தெரிகிறது. புது காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டால் 100-ல் போவதே தெரியவில்லை. முள்ளைப் பார்த்துத்தான் திடுக்கிட வேண்டியிருக்கிறது.

இவ்வளவு சொன்னாலும், குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போக வேண்டுமென்றால் நான் புது காரைத்தான் எடுப்பேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்மினியில் ஏர்பேக் கிடையாது, திடீரென்று அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏ.பி.எஸ். கிடையாது. 2019 முதல் நம் நாட்டில் விற்கிற புது கார்களில் டிரைவருக்கு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் கட்டாயமாகிவிட்டன. அது பெரிய விஷயம். ருசிக்காக உயிரோடு விளையாட முடியுமா?

அதனால் பத்மினிக்கு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊருக்குள் போய்வரும் தூரம், அவ்வளவுதான். 15 வருஷம் தாண்டிய வண்டி என்பதால் 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இந்தத் தடவை, "செலவு பண்ணாம வித்துரலாமே" என்று வீட்டில் பேச்சு வந்தது. அதை ஓட்டுகிறவள் நான், என்னையும் கேளுங்கள் என்றேன். மாமா வாயே திறக்கவில்லை. மறுநாள் கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ண மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தார்.