பரிசுப் பெயர்களும் மறந்த பெயர்களும்

ஆராய்ச்சி மாநாடு என்றால், அறிஞர்கள் கூடிக் கட்டுரை படித்துவிட்டுக் கலைந்து செல்லும் இடம் என்றே மாணவர்களுள் பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மை அன்று. அங்கே பரிசுகள் வழங்கப்பெறுகின்றன. மறைந்தோர் பெயர்கள் நினைவுகூரப்பெறுகின்றன. தன் முன்னோர் யாவர் என்பதை ஒரு துறை தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் இடமும் அதுவே. கண்ணாடி இழை வழியே ஒளியால் செய்தி அனுப்பும் துறைக்கு அத்தகைய மாநாடு ஒன்று உண்டு. 1975ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள வில்லியம்ஸ்பர்க் நகரில், சிறியதொரு கூட்டமாக அது தொடங்கிற்று. 2025இல் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் கூடியபோது ஐம்பதாண்டு நிறைவைக் கொண்டாடிற்று. கடல் கடந்து நாம் பேசும் பேச்சும், கணிப்பொறியில் காணும் படமும், கடலடியில் கிடக்கும் மயிரிழை போன்ற கண்ணாடிக்குள் ஒளித்துடிப்புகளாக ஓடுகின்றன. அந்தக் கண்ணாடியை ஆராய்வோர் ஆயிரக்கணக்கில் அங்கே கூடுகின்றனர்.

அம்மாநாட்டில் வழங்கப்பெறும் பெரும் பரிசு ஜான் டிண்டாலின் பெயரைத் தாங்கியது. பரிசு பெறுவோர்க்கு ஒரு கண்ணாடிச் சிற்பமும் தரப்பெறுகிறது. ஒளி கண்ணாடிக்குள்ளேயே திரும்பித் திரும்பிச் செல்லும் தத்துவத்தைக் குறிக்குமாறு அச்சிற்பம் அமைக்கப்பெற்றது. 1987இல் முதன்முதலாக அப்பரிசைப் பெற்றவர், கார்னிங் என்னும் கண்ணாடி நிறுவனத்தின் விஞ்ஞானி ராபர்ட் மௌரர். அப்பரிசுக்குப் பொருளுதவி செய்வதும் கார்னிங் நிறுவனமே. இதனை அறிந்து சிலர் புன்முறுவல் செய்யலாம். மௌரரின் வேலை இன்னதென்று அறிந்தபின் அப்புன்முறுவல் அடங்கிவிடும். அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

டிண்டால் யார்? 1820இல் அயர்லாந்தில் பிறந்தவர். நில அளவைத் தொழில் செய்து, பள்ளி ஆசிரியராக இருந்து, பின்பு இலண்டன் ராயல் நிலையத்தில் பேராசிரியரானவர்; ஃபாரடேயின் வழித்தோன்றல். 1854இல் அவர் காட்டிய ஒரு சோதனையை நீங்களும் பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்கலாம். ஒரு பாத்திரத்தில் நீரை நிரப்பி, அதன் பக்கத்தில் ஒரு துளையிட்டு, நீர் வளைந்து பீறிட்டு விழுமாறு செய்ய வேண்டும். துளைக்கு நேர் எதிர்ப்புறத்திலிருந்து விளக்கொளியை உள்ளே செலுத்தினால், ஒளி நேரே பாய்ந்து சுவரில் விழும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அவ்வாறு நிகழ்வதில்லை. நீர்த்தாரை வளையும் பக்கமெல்லாம் ஒளியும் வளைந்து செல்கிறது. தாரை விழும் இடத்தில் போய் மின்னுகிறது.

உண்மையில் ஒளி வளைவதில்லை. நீருக்குள்ளிருந்து காற்றை நோக்கிச் செல்லும் ஒளி, எல்லைப்பரப்பை மிகவும் சாய்வாகத் தொடுமானால், வெளியேற இயலாமல் முழுதும் உள்ளேயே திருப்பி அனுப்பப்பெறுகிறது. இதனை முழு அகப் பிரதிபலிப்பு என்பர். இப்பக்கம் மோதி அப்பக்கம், அப்பக்கம் மோதி இப்பக்கம் என்று சிறு சிறு நேர்கோடுகளாகவே ஒளி முன்னேறுகிறது. நீர்த்தாரையின் இடத்தில் கண்ணாடி இழையை வைத்துவிட்டால், தத்துவத்தைப் பொறுத்தவரை, இன்றைய கடலடி வடம் வந்துவிட்டது.

இனி ஒரு சங்கடமான செய்தி. இச்சோதனையை முதலில் செய்தவர் டிண்டால் அல்லர். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஜெனீவா நகரத்துப் பேராசிரியர் டேனியல் கொலாடன் இதனைத் தம் மாணவர்க்குக் காட்டியதோடு, 1842இல் பாரிஸ் அறிவியற் கழகத்தின் ஏட்டில் எழுதியும் வைத்தார். ஆயினும் நெடுங்காலம் நூல்கள் டிண்டாலையே முதல்வராகச் சொல்லி வந்தன. ஜெஃப் ஹெக்ட் என்பார் 1999இல் வெளியிட்ட இத்துறையின் வரலாற்று நூல் கொலாடனுக்குரிய இடத்தைத் தெளிவாக எடுத்துக்காட்டிற்று. அதற்குள் பரிசின் பெயர் பன்னிரண்டு ஆண்டுகள் வழங்கி நிலைத்துவிட்டது.

பெயரை மாற்றியிருக்க வேண்டுமா? வேண்டா என்பதே என் கருத்து. டிண்டாலை மறக்காதிருக்க வேறு காரணங்கள் உள. காற்றிலுள்ள வாயுக்கள் வெப்பத்தைத் தடுத்து வைத்துக்கொள்ளும் ஆற்றலை அளந்தவர் அவர். கடினமான பௌதிக உண்மைகளைப் பொதுமக்களுக்கு விளக்குவதில் அவருக்கு இணையானோர் அக்காலத்தில் மிகச் சிலரே. அத்தகையவர் பெயர் மங்கியதற்கு ஒரு துயரக் கதையும் காரணம். உறக்கமின்மையால் துன்புற்ற அவருக்கு, 1893 டிசம்பரில், அவர்தம் மனைவி லூயிசா மருந்துப் புட்டி மாறி, உறக்க மருந்தை மிகுதியாகக் கொடுத்துவிட்டார். அன்றே அவர் இறந்தார். கணவரின் வரலாற்றைக் குறைவற எழுத வேண்டும் என்று கடிதங்களையும் குறிப்புகளையும் திரட்டுவதிலேயே அவ்வம்மையார் எஞ்சிய நாட்களைக் கழித்தார். பிறர் எழுதவும் விடவில்லை. 1940இல் அவரும் மறைந்தார். வரலாறு 1945இல் வேறிருவர் கையால் வெளிவந்தபோது, டிண்டாலை நேரில் அறிந்திருந்த தலைமுறையே ஏறத்தாழ மறைந்துவிட்டது. இவ்வளவு அன்பும் ஒரு பெயரைக் காக்கப் போதவில்லை.

மௌரரின் வேலைக்கு வருவோம். அதனை உணர டெசிபெல் என்னும் கணக்கு வேண்டும். அஞ்சற்க, எளியதுதான். 10 டெசிபெல் இழப்பு என்றால், புறப்பட்ட ஒளியில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். 20 என்றால் நூறில் ஒரு பங்கு. 30 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1960களில் இருந்த நல்ல கண்ணாடி இழையிலும் இழப்பு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1000 டெசிபெல். அதாவது, இருபது மீட்டர் செல்வதற்குள்ளேயே நூறில் ஒரு பங்குதான் மிச்சம். இதனைக் கொண்டு ஊர்விட்டு ஊர் பேசுவது எங்ஙனம்?

இங்கிலாந்தின் ஹார்லோ நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் பணிபுரிந்த சார்லஸ் காவ் என்னும் சீன இளைஞர் கேள்வியை வேறு வகையாகக் கேட்டார். ஒளியை விழுங்குவது கண்ணாடியா, அன்றிக் கண்ணாடியில் கலந்துள்ள இரும்பு முதலிய மாசுகளா? மாசுகளே என்றால், அவற்றை நீக்கினால் போதுமன்றோ? 1966இல் அவரும் ஜார்ஜ் ஹாக்கம் என்பாரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, இழப்பு கிலோமீட்டருக்கு 20 டெசிபெலுக்கு இறங்கினால் தொலைத்தொடர்புக்கு இழை பயன்படும் என்று வரையறுத்தது. நம்பியவர் சிலரே. 1970இல் மௌரர், டொனால்ட் கெக், பீட்டர் ஷூல்ட்ஸ் ஆகிய மூவரும் கார்னிங்கில் 17 டெசிபெல் இழப்புடைய இழையை உருவாக்கினர். இன்றைய இழையில் இழப்பு 0.2 டெசிபெல் அளவினதே. அன்று ஒரு கிலோமீட்டர் கடந்தபின் மிஞ்சினால் போதும் என்று காவ் விரும்பிய ஒளி, இன்று நூறு கிலோமீட்டர் கடந்தபின் மிஞ்சுகிறது.

காவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவரை நினைவிழப்பு நோய் பற்றிவிட்டது. ஸ்டாக்ஹோமில் நோபல் சொற்பொழிவை அவர்தம் மனைவி க்வென் நிகழ்த்தினார். விழா மேடையில் பரிசு பெறுவோர் நடுவே நடந்து சென்று வணங்குவது மரபு. அன்று சுவீடன் மன்னரே காவ் இருந்த இடத்துக்கு வந்து பதக்கத்தை அளித்தார். உலகம் ஒருவரை நினைவுகூர்ந்த நாளில் அவருக்குத் தம் நினைவே துணை நிற்கவில்லை. 2018இல் அவர் ஹாங்காங்கில் காலமானார். ஹாக்கம் 2013இல் இறந்தார். நோபல் பரிசில் அவருக்குப் பங்கில்லை. அக்கட்டுரையின் கடினமான கணக்கீடுகளில் அவருடைய உழைப்பு பெரிது என்பதைத் துறையினர் அறிவர். வெளியுலகம் அறியாது.

விடப்பட்ட மற்றொருவரை நம் நாட்டவர் மறக்கவில்லை. பஞ்சாபில் மோகா என்னும் ஊரில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டனில் பேராசிரியர் ஹாப்கின்ஸிடம் ஆராய்ச்சி செய்தவர். இழைகளைக் கட்டாகச் சேர்த்து அவற்றின் வழியே உருவத்தைக் கடத்தலாம் என்று இருவரும் 1954இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். அதே இதழில், இழையைச் சுற்றி ஓர் உறை இருந்தால்தான் ஒளி கசியாது என்னும் உண்மையை ஹாலந்து நாட்டு வான் ஹீல் எழுதியிருந்தார். துறைக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரைப் பரப்பியவரும் கபானியே. 2009இல் அவர் பெயர் விடப்பட்டது அநீதி என்று இந்தியாவில் குரல் எழுந்தது. என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்லுகிறேன். நோபல் குழு பாராட்டியது தொலைதூரச் செய்திக்கு இழையைத் தகுதியாக்கிய வேலையை; கபானியின் வேலை உருவத்தைக் கடத்துவது, மருத்துவர் உடலுக்குள் பார்ப்பதற்குப் பயன்பட்டது. ஆகவே குழுவின் முடிவுக்குக் காரணம் உண்டு. அதனால் கபானி சிறியவர் ஆகிவிடவும் இல்லை. அவர் 2020 டிசம்பரில் மறைந்தார். மறுமாதமே அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியொன்றில் கணிதத்துக்கு ஓர் அறக்கட்டளைப் பரிசு இருந்தது. ஆண்டுதோறும் மேடையில் அப்பெயரை வாசிப்போம். அவர் யார் என்று ஒரு மாணவன் கேட்டபோது ஆசிரியர் ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். பதினான்கு வயதில் அம்மை கண்டு இறந்த மாணவன் ஒருவனின் பெயர் அது. தந்தை நிலம் விற்று வைத்த பணம். அடுத்த ஆண்டு முதல், பரிசைப் பெறுபவனே அதனை இரண்டு வாக்கியங்களில் மேடையில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம்.

கண்ணாடி இழை மாநாட்டிலும் மாணவர் கட்டுரைகளுக்குப் போட்டி உண்டு. தொழிலைத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன இளம் ஆராய்ச்சியாளர்க்கென ஒரு பரிசும் உண்டு. அது டிங்யே லீயின் பெயரால் அமைந்தது. நான்கிங் நகரில் பிறந்து, தென்னாப்பிரிக்காவில் பயின்று, பெல் ஆய்வுக்கூடத்தில் பல்லாண்டு பணிபுரிந்தவர் லீ. லேசர் கண்ணாடிகளுக்கிடையே ஒளி எவ்வாறு ஓடித் திரும்புகிறது என்று ஃபாக்ஸ் என்பாருடன் சேர்ந்து 1961இல் கணக்கிட்டவர். பின்னர், பல நிற ஒளிகளை ஒரே இழையில் ஒருங்கே அனுப்பும் முறை வளர்வதற்குப் பாடுபட்டவர். 2012 டிசம்பரில், யூட்டா மாநிலத்து மலையில் பனிச்சறுக்கு விளையாடும்போது, எண்பத்தொரு வயதில் உயிர்நீத்தார். இப்போது அப்பரிசுக்கு உரிய வயதினர், அவர் மறைந்தபோது பள்ளியிலோ கல்லூரியிலோ படித்துக்கொண்டிருந்தவர்கள்.